சாப்பிட்ட நேரம்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. பதினோரு ஆண்டுகளாக உச்சிவேளை தவறாமல் வந்து நிற்கும் ஒரு தலைவலிக்குக் காரணம் சொல்லத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு மருத்துவருக்கும் துப்பில்லை என்பதே லக்ஷ்மிநாராயணனின் குறை.

வலி அவருக்கன்று, அவர் மனைவி காமாக்ஷிக்கு.

பாளையங்கோட்டையில், நரம்பியல் மருத்துவர் ரைஹானத்தின் அறைக்கு வெளியே அவர் உட்கார்ந்தார், எழுந்தார். சுவர்க் கடிகாரம் தம் கைக்கடிகாரத்தைவிட நான்கு நிமிடம் பிந்துவதைக் கண்டுபிடித்து, அதைச் செவிலியிடம் அறிவித்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

காமாக்ஷி புடைவைத் தலைப்பால் கண்களை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் சுக்குப் பத்து காய்ந்து வெடித்திருந்தது. விளக்கு வெளிச்சமே அவளுக்கு ஆகவில்லை.

தை மாதம் மகள் ஹம்ஸினிக்கு டாலஸில் பிரசவம். அதற்குள் இந்த வலி அடங்காவிட்டால் காமாக்ஷி விமானம் ஏற முடியாது. அந்தப் பெண் அங்கே தாய்த்துணை இன்றித்தான் பிள்ளை பெற வேண்டும்.

மூளையை இருமுறை படம் பிடித்தாயிற்று, ஒன்றுமில்லை. கண்ணாடியை மாற்றியாயிற்று. மாத்திரை மட்டும் தினம் ஒன்று, சில நாள் இரண்டு.

சென்ற மாதம் ரைஹானத் ஒரு வேலை கொடுத்தார்: தூக்கம், காப்பி, உணவு, வலி, மாத்திரை ஆகியவற்றை நாள்தோறும் நேரத்தோடு எழுதி வர வேண்டும்.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சேரன்மகாதேவி வயல்களை அங்குலம் பிசகாமல் அளந்தவருக்கு இது ஒரு வேலையா? நீள நோட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டார். ஒரு நாள் விடாமல் தாமே நிரப்பினார்.

இவ்வளவையும் அவர் பக்கத்து நாற்காலிக்காரியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆறுமுகத்தாய். துண்டால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். வெகுநேரம் பொறுத்துப் பார்த்தவள் கடைசியில் கேட்டேவிட்டாள்.

“தலவலி ஒங்களுக்கா, அம்மாவுக்காய்யா? அவுக வாயத் தொறக்க ஒரு எடம் குடுக்க மாட்டேங்கீயளே!”

காமாக்ஷியின் உதடு லேசாக அசைந்தது. அது வலியா சிரிப்பா என்று அவர் கவனிக்கவில்லை.

காத்திருந்ததில் அவருக்குப் பசித்தது. அவர் வாய்விட்டுச் சொல்லுமுன்பே காமாக்ஷி கண்ணைத் திறக்காமல் பையைத் துழாவித் தயிர்சாத டப்பாவை எடுத்து, மூடியில் எலுமிச்சை ஊறுகாயை வைத்துக் கொடுத்தாள். உண்டார். கை கழுவி வந்ததும் முதல் வேலையாக நோட்டைப் பிரித்து, உணவுக் கட்டத்தில் 12.40 என்று எழுதினார்.

ஒன்று பத்துக்கு அழைத்தார்கள்.

ரைஹானத் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். மாத்திரைக் கட்டத்தில் புருவத்தைச் சுருக்கினார். தினமும் விழுங்கினால் மாத்திரையே வலியை வளர்க்கும் என்றார். லக்ஷ்மிநாராயணனின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. காரணத்தைச் சொல்லுங்கள், காரணத்தை!

மருத்துவரின் விரல் உணவுக் கட்டத்தின் மேலிருந்து கீழாக இறங்கியது. 1.15. 1.20. 1.15. கடைசியில் 12.40-இல் நின்றது. அவர் தலையை நிமிர்த்திக் காமாக்ஷியின் காய்ந்த உதடுகளைப் பார்த்தார்.

“சார், இதெல்லாம் யார் சாப்பிட்ட நேரம்?”

என்ன கேள்வி இது? பூசை முடிந்து இலை போட்டால் ஒன்றேகால். எப்போதாவது ஐந்து நிமிடம் முன்பின் ஆகும். வீட்டில் அடுப்பு ஒன்று, சோறு ஒன்று. நேரம் மட்டும் இரண்டாக இருக்குமா? அவர் வாயைத் திறந்தார்.

மருத்துவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார், காமாக்ஷியைப் பார்த்தார்.

காமாக்ஷி தலைப்பை விலக்கினாள். வகுப்பில் எழுந்து நிற்க அனுமதி கேட்கும் பிள்ளையைப்போலக் கணவரை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“கார்த்தால நாலரைக்கு ஒரு காப்பி. அப்புறம் இவர் சாப்ட்டு, பாத்திரம் ஒழிச்சுப் போட்டு... மூணு மணி ஆயிடும், டாக்டர். சிலநாள் வலியில சாப்பிடவே தோணாது.”

அபத்தம் என்று மறுக்க எண்ணித்தான் லக்ஷ்மிநாராயணன் சான்று தேடினார்.

அவள் பரிமாறும் கை உடனே நினைவுக்கு வந்தது. வளையல் வந்தது, ரசத்தைத் தெளிவாக மொண்டு ஊற்றும் கரண்டி வந்தது. போதும் போதும் என்றாலும் நிற்காத நெய்க் கிண்ணம் வந்தது.

அவள் உண்ணும் கை வரவில்லை.

ஹம்ஸினியின் கல்யாணப் பந்தியைத் தேடினார். சம்பந்திகளுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். தம் அறுபதாம் கல்யாணத்தைத் தேடினார். யாரையோ விசாரித்துக்கொண்டு அங்கேயும் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தொரு ஆண்டுகளை ஒரு புலமும் விடாமல் அளந்தார். ஒரு கவளம்கூட அகப்படவில்லை.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

ரைஹானத் இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட்டை எடுத்துப் பிரித்துக் காமாக்ஷியின் முன் வைத்தார். அவள் ஒன்றை எடுத்தாள். எடுத்தவள், பழக்க தோஷத்தால், அதை முதலில் அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கடித்து, மென்று, விழுங்கும்வரை, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்துவிட்டு அந்த மனிதரைப் பழிக்க நாவெடுக்கும் ஐயா, சற்றுப் பொறும். உம் வீட்டில் உமக்குச் சோறு போட்டவர் இன்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? ஊகித்துச் சொல்லாதீர். எழுந்து, உள்ளே போய், கேட்டுவிட்டு வாரும்.