தேறாத மருமகள்

"மூணாவது தடவையும் ஃபெயிலா?" கட்டிலோடு கிடந்த மாமனார் சலித்துக்கொண்டார். "இங்கிலீஷ் பரீட்சையில தேறினாத்தானே விசா? அங்க என் பிள்ளை ஒத்தையில கிடக்கிறான். 'இன்', 'ஆன்', 'அட்' எதை எங்க போடணும்னு இன்னுமா தெரியல?"

"மண்டையில ஏறல மாமா." மருமகள் அவரைப் புரட்டி, நனைந்திருந்த விரிப்பை மாற்றினாள்.

"களிமண்ணுல எப்படி ஏறும்?"

அவள் சமையலறைக்குப் போனாள். தேர்வெழுதப்போகும் தோழி போனில் அழைத்தாள்போல; பேச்சு அவர் காதில் விழுந்தது.

"மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாசத்துக்கு 'இன்'. அவ்வளவுதான்டி... எனக்குத் தெரியாமலா? நான் தேறிட்டா மாமாவை யாரு புரட்டிப் படுக்கவைப்பா?"

மாமனார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கப் பார்த்தார். முடியவில்லை. அதற்கும் அவள்தான் வர வேண்டியிருந்தது.