பவுலினின் கூடை

"அம்மா, இயேசப்பாவுக்கும் டார்கெட் உண்டா?" என்று சாராளின் மகள் ஒருமுறை கேட்டாள். "ஆண்டவரே, என் கூடை நிறையணும்" என்று அம்மா தினமும் ஜெபிப்பது அவள் காதில் விழுந்திருந்தது.

கணவனை அடக்கம் செய்துவிட்டு பவுலின் இன்றுதான் பனியன் கம்பெனிக்குத் திரும்பியிருந்தாள். சாராளுக்கு அடுத்த மிஷினில் காலர் துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கை ஓடவில்லை.

"ஏம்மா, இதென்ன எழவு வீடா? சாயங்காலம் டார்கெட்படி கூடை நிறையலேன்னா நாளைக்கு வராதே" என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மகள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் சாராளின் கூடை எப்படியோ நிறைந்துவிடும். காலர் முனைகளில் இரட்டைத் தையல் இருக்கும். அது பவுலினின் கைப்பழக்கம். அதைப் பற்றிப் பவுலின் யாரிடமும் சொன்னதேயில்லை.

டீ மணி அடித்து எல்லோரும் போனார்கள். சாராள் தன் காலர்களை அள்ளிப் பவுலினின் கூடையில் போட்டாள். ஒவ்வொன்றின் முனையிலும் பவுலினைப் போலவே இரட்டைத் தையல் போட்டிருந்தாள். பிறகு தன் காலிக் கூடையின் முன் உட்கார்ந்து கண்களை மூடினாள்.