பத்து சென்டிமீட்டர்

நண்பன் ஸ்டூலில் ஏறி, சுவரில் தொங்கிய மூன்று கம்பிகளையும் கழற்றி மேஜையில் வைத்தான்.

கண்ணாடி வெட்டும் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கம்பி. வேலை முடிந்ததும் அளவுச் சீட்டை அதில் குத்திவிட வேண்டும். முதலாளி ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை.

முதலாளி என்றால் நண்பனின் அப்பா. அவர்கள் வீட்டில் நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். கடைப்படி ஏறினால் முதலாளி. ஒருமுறை கடையில் வாய் தவறி அப்பா என்றுவிட்டேன். அரை மணி நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் இறந்துபோய் மூன்று வாரம் ஆகிறது. கடையை ஒழித்துக் கொடுக்க நண்பன் வெளியூரிலிருந்து வந்திருந்தான்.

என் சட்டைப் பையில் அவனுக்கு எழுதிய கடிதம் இருந்தது. பதினெட்டு வருடமாக எழுதி எழுதிக் கிழித்தது. இந்த முறை உறையை ஒட்டியே கொண்டுவந்துவிட்டேன்.

இழுப்பறையில் அந்த டேப் கிடந்தது. முதல் பத்து சென்டிமீட்டர் ஒடிந்துபோன டேப். புதிது வாங்கச் சொன்னால், பத்துதானே போச்சு, மிச்சம் நல்லாத்தானே இருக்கு என்பார்.

அதில் அளந்தால் பத்து கூடுதலாகக் காட்டும். அதனால் கடையில் ஒரு சட்டம். அளப்பவர் பத்தைக் கழித்து எழுதினால் பக்கத்தில் டிக் போட வேண்டும். டிக் இல்லையென்றால் வெட்டுபவர் கழிக்க வேண்டும்.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒருநாள், ஒரு துணிக்கடையின் முகப்புக் கண்ணாடி. அளந்தது நண்பன். கழித்து, டிக்கும் போட்டிருந்தான். பேச்சு மும்முரத்தில் நான் அதைப் பார்க்காமல் இன்னொரு பத்தைக் கழித்து வெட்டிவிட்டேன்.

கண்ணாடியை இழுத்து நீட்ட முடியாது.

முதலாளி வருவதற்குள் டிக்கை ரப்பரால் அழித்தேன். பென்சில்தானே, ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

"ஒரு டிக் போடத் தெரியாதவனுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் மகனைக் கேட்டார்.

நண்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போட்ட மாதிரிதான் இருந்தது என்று முனகினான். அந்த வாரமே ஊரைவிட்டுப் போய் வேறு வேலையில் சேர்ந்துகொண்டான்.

மறுமாதம் முதலாளி நேரில் போய்க் கூப்பிட்டார். திடீரென்று ஏன் மனசு மாறியது என்று இவன் கேட்டிருக்கிறான். அவர் காரணம் சொல்லவில்லை. இவன் வரவில்லை. அதன்பின் இருவருக்கும் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேச்சு.

நான் அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அங்கேயே வெட்டினேன். அளப்பதையெல்லாம் முதலாளியே பார்த்துக்கொண்டார்.

உறையை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டேன். நண்பன் கம்பிகளிலிருந்து சீட்டுகளை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், மத்த ரெண்டு பேருக்கும் பென்சில்லதான் டிக் போட்டிருக்காரு. உனக்கு மட்டும் ஏன்டா பேனாவால?"

மற்றவர்களின் சீட்டுகளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

உறையைக் கிழித்துக் கடிதத்தைப் பிரித்தேன். ஒரு வரி சேர்க்க வேண்டும், பேனா கொடு என்றேன். இழுப்பறையைத் துழாவி எடுத்துக் கொடுத்தான்.

கடைக்குள் நின்றுகொண்டுதான் எழுதினேன்: அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.