ரோண்டா எழுதிய எண்

ரோண்டா தன் வண்டியின் முன்கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததும் ஹார்லனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பன்னிரண்டரை.

அது அவனுடைய எண். தன் கமாரோ கார் கால் மைல் ஓடப் பன்னிரண்டரை விநாடி ஆகும் என்று அவன் காலையிலேயே எழுதிவிட்டான். அதையே அவளும் எழுதினால் என்ன அர்த்தம்? ஒரு பல் டாக்டர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய ஜெர்மன் செடான் அது. தலைகீழாக நின்றாலும் பதின்மூன்றரைக்குக் கீழே இறங்காது.

இந்தப் பந்தய டிராக்கில் எந்த வண்டியும் எந்த வண்டியோடும் போட்டி போடலாம். தன் வண்டிக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவரவர் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசத்தின்படி முன்கூட்டியே பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிடச் சீக்கிரம் ஓடிவிட்டால், முதலில் வந்தாலும் தோல்விதான்.

நிஜ வேகத்தை எழுத ஹார்லன் என்ன பைத்தியமா? கொஞ்சம் ஒளித்து வைத்துத்தான் எழுதுவான். முன்னால் போகும் ஆளை எட்டிப் பிடித்ததும் பெடலிலிருந்து காலை லேசாக எடுத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடுவான். அந்த வித்தையில் அவனை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை.

ரோண்டா ஒரு விநாடி முன்னால் கிளம்பியிருக்கலாம். மகராசி, அந்தச் சலுகையே வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட பந்தயத்தில்! மகள் கைக்குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். பாதி கராஜ் அவளுக்கு அறையாகப் போகிறது. மிச்சத்தில் ஒரு வண்டிதான் நிற்கும். ஓஹையோ குளிரில் பனி உருகத் தெருவில் கொட்டுகிற உப்பு, வெளியே நிற்கும் வண்டியை அரித்துத் தின்றுவிடும். தோற்றவர் தன் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள்.

வண்டி கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து உட்கார வேண்டும் என்பது அவன் கட்சி. கத்துகிறதெல்லாம் ஓடுகிறதாகிவிடாது என்பது அவள் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் சண்டை இது.

கமாரோவை விற்பதை ஹார்லனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதன் எஞ்சினைத் தன் கையாலேயே பிரித்துப் பூட்டியவன் அவன்.

மைக் பிடித்தவன் இரண்டு எண்களையும் வாசித்துவிட்டு, "வீட்டுல சண்டை போட்டுட்டு அக்கா நேரா வந்துட்டாங்க போல" என்றான். கார்ன் டாக் தின்றுகொண்டிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹார்லனுக்கு அவள்மேல் பாவமாகக்கூட இருந்தது.

கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து இறங்கின. பச்சை.

பக்கத்தில் நின்ற வண்டியைக் காணோம்.

அது முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையைக் கவ்வ, துளி வழுக்கல் இல்லாமல், அலட்டல் இல்லாமல். கமாரோ இன்னும் புகையைக் கக்கிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அம்மாடி என்று அவன் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

தினமும் வாசலில் பார்க்கிற வண்டி. எத்தனை தடவை அதிலிருந்து மளிகைப் பைகளை இறக்கியிருக்கிறான். அதற்குள் இப்படி ஒன்று அடங்கிக் கிடந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. அழகு என்றால் அப்படியோர் அழகு. உடம்பு சிலிர்த்துப் போனது.

அப்புறம் கமாரோவும் தரையைப் பிடித்துக்கொண்டது.

எட்டு சிலிண்டரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அவளுடைய பின்விளக்குகள் கிட்டே வந்தன. கதவுக்கு நேராக வந்தன. கண்ணிலிருந்து மறைந்தன.

அந்த வேகத்தில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தன் வண்டி போடும் கூச்சலில் அவளுடைய வண்டியின் சத்தம் கேட்கவா போகிறது? தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு வருகிறாள் என்றுதான் நினைத்தான். அப்படிக் கிளம்பிய வண்டி வேறெப்படி வரும்? பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தான். அவன் ஆயுளில் அப்படி ஓட்டியதில்லை.

கோட்டை முதலில் தாண்டியது அவன்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

வெற்றி விளக்கு அவள் தடத்தில் எரிந்தது.

அவனுடைய நேரம் பன்னிரண்டே கால். எழுதியதைவிடச் சீக்கிரம். காலை எடுக்க மறந்துவிட்டிருக்கிறான். நேற்றுப் பழக வந்தவன்கூடச் செய்யாத தப்பு.

திரும்பும் பாதையில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். கமாரோ போயிற்று என்பது மெல்லத்தான் உறைத்தது. உறைத்த பிறகும் அவன் கண் அவளுடைய சாம்பல் நிற வண்டி வரும் திசையிலேயே நின்றது.

அவள் நிதானமாக வந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"கடைசி வரைக்கும் விடாம ஒட்டிக்கிட்டே வந்தியே, ரோண்டா. இதுக்குள்ள அவ்வளவு இருக்கா?" அவன் ஜன்னல் பக்கம் குனிந்து கேட்டான்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வந்தேன்? ஒரு ஜெர்மன் வண்டி உன்னைத் தாண்டிப் போயிட்டா நீ காலை எடுக்க மாட்டேன்னு தெரியும். சேர்ந்து கிளம்பத்தான் உன் எண்ணையே எழுதினேன். நான் பாதியிலயே எடுத்துட்டேன். மீதிப் பாதி நீ தனியாத்தான் ஓடினே."