குளியலறைக் குவளை

இந்த முறையும் தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை.

மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குழாயின் வாய். வாளி. கட்டில் கம்பி. குளியலறைக் குவளை. தீக்காய வார்டின் மூலைமுடுக்கெல்லாம் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொண்டுவந்து, கிருமி வளர்க்கும் தட்டில் தடவி, வெதுவெதுப்பில் வைத்தவை. அத்தனையும் தெளிவாக இருந்தன.

கிருமி இல்லை என்றால் மகிழ்ச்சி வர வேண்டும்.

வரவில்லை.

கடைசித் தட்டு அந்த வார்டில் படுத்திருக்கும் முத்தரசியின் கால் புண்ணிலிருந்து எடுத்தது. மூடி லேசாக நகர்ந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கனிந்த திராட்சை வாசனை. தட்டு முழுக்கப் பச்சை.

போன முறை வந்த அதே கிருமிதான்.

அவளுக்கு அதன்மேல் வெறுப்பு கிடையாது. அது எப்படிப் பிழைக்கிறது என்று யாராவது கேட்டால் சோற்றை மறந்துவிட்டுச் சொல்வாள். கொஞ்சம் ஈரம் போதும் அதற்கு. நல்ல உடம்பை அது சீண்டாது. தோல் போன இடம் கிடைத்தால் விடாது. மருந்து கொடுத்தால், உள்ளே வந்த மருந்தைத் தன் சுவரில் இருக்கும் குட்டிக் குட்டி பம்புகளால் வெளியே தள்ளிவிடும். அடைமழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரை நாம் இறைத்துக் கொட்டுவதுபோல. ஒரே ஒரு மருந்துக்குத்தான் இன்னும் அடங்குகிறது. அந்த மருந்து சிறுநீரகத்தையும் சும்மா விடாது.

முத்தரசிக்குப் பலகாரக் கடை. எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. இடது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கிருமி அதைக் கரைத்துவிட்டது.

இனி எடுக்க வலது தொடைதான் மிச்சம்.

கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார்.

மறுபடியும் வார்டுக்குக் கிளம்பினாள். வழக்கம்போல் முன்கூட்டியே போன் செய்துவிட்டு. அடுத்தவர் வேலை செய்யும் இடத்தில் சொல்லாமல் போய் நிற்பது அவளுக்குப் பிடிக்காது.

தரை மின்னியது. பினாயில் வாசனை. பிலோமினா சிஸ்டர் வாசலுக்கே வந்துவிட்டார்.

குளியலறையில் முத்தரசி ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் பிரித்த காலை நீட்டியிருந்தாள். வார்டு ஆயா குவளையால் மெல்லத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே எல்லோருக்கும் புண் கழுவுவது இப்படித்தான்.

"தினமும் வாங்க டாக்டரம்மா," என்றாள் முத்தரசி. "நீங்க வர்ற அன்னிக்குத்தான் எங்களுக்குப் புதுக் குவளை. பொண்ணு பார்க்க வர்ற மாதிரி என்னா ஏற்பாடு!"

ஆயா சிரித்துவிட்டார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை.

அவள் ஆயாவின் கையைப் பார்த்தாள். சிவப்புக் குவளை. விலைச்சீட்டு இன்னும் முழுதாக உரியவில்லை. ஒவ்வொரு முறையும் துடைத்துப் போனது இதைத்தான்.

"பழசு எங்க சிஸ்டர்?"

"அதையும் நல்லாத்தான் கழுவுறோம் டாக்டர். பிளீச்சிங் பவுடர்ல ஊறப் போட்டு..." சிஸ்டரின் குரல் இறங்கியது. "வெளுத்துப் போச்சு. நீங்க வர்ற நேரத்துல அதை வைக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் வீட்டிலும் ஆள் வந்தால்தான் கண்ணாடி டம்ளர் அலமாரியை விட்டு இறங்கும்.

ஆயா கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தார். வெளிறிய நீலக் குவளை. விரல் விட்டுத் தடவினாள். உள்ளே குறை சொல்ல ஒன்றுமில்லை.

திருப்பினாள்.

களக்.

காதருகே வைத்து ஆட்டினாள். களக், களக்.

குவளை காலி. சத்தம் பிடிக்குள்ளிருந்து வந்தது.

பிடி உள்ளே வெறும் குழல். அதன் அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

அவள் ஈரத் தரையிலேயே குந்திவிட்டாள். மூன்று பேரும் குனிந்தார்கள்.

"பாருங்க. கழுவும்போது தண்ணி இது வழியா உள்ள போகுது. காய வழியில்ல. உள்ள போன கிருமி வழவழன்னு பாசி மாதிரி ஒண்ணைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்துக்கும். பிளீச்சிங் கொஞ்சம் உள்ள போனாலும் அந்தப் போர்வைகிட்டயே வலு போயிரும். நாம சாய்க்கிறப்ப எல்லாம் ஒரு சொட்டு வெளிய வரும்."

சாய்த்துக் காட்டினாள். விரிசலில் ஒரு சொட்டு திரண்டது. அதைக் குச்சியில் தொட்டுக் குப்பிக்குள் வைத்து மூடினாள். என்ன வசதியான இடமாகப் பார்த்துக் குடியேறியிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

"அடப் பாவி," என்றாள் முத்தரசி குவளையைப் பார்த்து. "உனக்குத்தான் தினம் நான் கால நீட்டிக்கிட்டு இருந்தேனா?"

அந்தச் சொட்டு மறுநாள் தட்டைப் பச்சையாக்கியது.

அதற்குப் பிறகு முத்தரசியின் காலிலிருந்து எடுத்த தட்டுகளில் பச்சை மெலிந்தது. பிறகு ஒரு புள்ளியும் இல்லை. பக்கத்துக் கட்டில்களிலும் அப்படியே.

அறுவை மருத்துவர் ஆய்வகத்துக்கே வந்தார். கடைசித் தட்டை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது தொடைக்கு நாள் குறிக்கலாம் என்றார்.

"புதுசா என்ன மருந்து கொடுத்தீங்க?"

மருந்து எதுவும் இல்லை என்றாள் அவள்.

வார்டில் இப்போது புண் கழுவப் பிளாஸ்டிக் குவளை கிடையாது, பழையதும் சரி, புதியதும் சரி. பிடி இல்லாத எவர்சில்வர் சொம்பு. ஆளுக்கு ஒன்று. கழுவி முடித்ததும் ஆவியில் வேகவைத்து, கவிழ்த்து, முழுதாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி கையில் எடுக்க வேண்டும்.

யார் வந்தாலும் அதே சொம்புதான்.