உள்ளே ஒரு கேள்வி

போர் முடிந்த மாதம். முகாம்களில் இருப்பவர்களின் விபரங்களைக் கணினியில் சேர்க்கும் கண்டி அலுவலகத்தில், மேலதிகாரி ருவன் திரையில் எழுதியிருந்த குவெரியை, அதாவது கணினித் தேடல் கட்டளையை, அங்கு வேலை செய்யும் தர்சினி பார்த்துவிட்டாள். அதில் அவளுடைய பெயர் இருந்தது. பொலிஸ் தன்னைப் பற்றிக் கேட்டிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

“என்ர பேரை ஏன் சேர் தேடுறியள்?”

“இருங்க நங்கி” என்று சிங்களத்தில் தங்கை முறை சொல்லி, ருவன் கதிரையை நகர்த்தினார். “தம்பியைத் தேடி நீங்க ஓட்டுற குவெரி, எல்லா முகாமையும் துழாவப் போய்ப் பாதியிலேயே நிக்குது. அதுதான் நான் உள்ளுக்கு இன்னொரு குவெரி வச்சேன். முதல்ல, சொந்தக்காரரைத் தேடுறவங்களை மட்டும் எடுத்தேன். அவங்களுக்குள்ள உங்களைத் தேடுறது யாருன்னு கேட்டேன்.”

அவர் விசையைத் தட்டியதும் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

‘அகிலன், வவுனியா முகாம். தேடும் ஆள்: அக்கா தர்சினி, கண்டி.’