மறைந்த நடிகர்

ஒரு தொலைக்காட்சித் தொடரில் தந்தையாக நடித்த தணிகாசலம் நாற்பதாவது பகுதியிலேயே இறந்துபோனார். பின்னர் ஆறு ஆண்டுகள், மாலையிட்ட அவருடைய படம்தான் அத்தொடரில் வரும் வீட்டுக் கூடத்தில் நடித்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் தொடர்களின் வரலாற்றை நூலாக்கிய வசுமதி, அந்தப் படத்தை நம்பி, அவரை ‘மறைந்த நடிகர்’ என்று எழுதிவிட்டார். நூல் வெளிவந்த மறுமாதம் தணிகாசலமே அவர் வீட்டுக்கு வந்து நின்றார்.

“செத்தவனுக்கு யாரும்மா வேஷம் குடுப்பாங்க? ஒரு மாசமா ஃபோனே வரல.”

“மன்னிச்சிடுங்க சார். அடுத்த பதிப்புல கண்டிப்பா திருத்திடறேன்,” என்று வசுமதி கூசியபடியே நூலில் அவரைப் பற்றிய பக்கங்களை விரித்துக் காட்டினார்.

தணிகாசலம் அதை அதுவரை படித்திருக்கவில்லை. நான்கு பக்கங்கள் இருந்தன. மகளை வழியனுப்பும் காட்சியில் அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றதைப் பற்றி மட்டுமே ஒரு பத்தி. முப்பது ஆண்டு நடிப்பில் அதை எவரும் கவனித்ததாக அவரிடம் சொன்னதில்லை.

“உயிரோட இருக்கறவங்களுக்கு எத்தனை பக்கம்மா?”

“ஆளுக்கு ரெண்டு வரி சார்,” என்றார் பொய் சொல்லத் தெரியாத வசுமதி.

தணிகாசலம் மீண்டும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

“அடுத்த பதிப்பு எப்ப வரும்?”

“இது வித்துத் தீரணும் சார். ஒரு வருஷமாவது ஆகும்.”

“அவசரமில்லம்மா,” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.